ராசம்மாவின் குரல்: ருக்மணி தேவி நினைவுகள்

1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி, சனிக்கிழமை. தீபாவளிக்கு இரண்டே நாட்கள் இருந்தன. பதுளைக்கு அருகே ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், எங்கள் லயத்தின் எல்லா வீடுகளிலும் மாவிடிக்கும் ஓசை. நமுனுகுல மலையிலிருந்து இறங்கிய பனி தேயிலைத் தொழிற்சாலையின் கூரையை மறைத்திருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். அப்பாவின் பழைய டிரான்சிஸ்டர் அடுப்படித் திண்ணையில் பாடிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலையின் இரவுக் காவற்காரர் வேலை முடிந்து எங்கள் வாசல் வழியே போவது வழக்கம். அவர் சிங்களவர். அம்மா அவரை 'அய்யா' என்றுதான் அழைப்பார். தமிழில் அது மரியாதைச் சொல். சிங்களத்தில் அண்ணன் என்று பொருள். இரண்டு பொருளிலும் அவருக்குப் பொருந்திய சொல் அது. அன்று அவர் வாசலில் நின்றபடி வானொலியைச் சிங்கள ஒலிபரப்புக்குத் திருப்பச் சொன்னார். செய்தியைக் கேட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ருக்மணி போயிட்டாங்க" என்று அரைகுறைத் தமிழில் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வானொலியில் ஒரு பாடல் தொடங்கியது. சிங்களத்தில் நூறு சொற்கூட அறியாத என் அம்மா, கண்ணீர் வடிய அந்தப் பாடலைக் கேட்டார். காவற்காரரும் அழுதார். முந்தைய ஆண்டு, 1977 ஓகஸ்ட் கலவரத்தின்போது பல இரவுகளைத் தேயிலைச் செடிகளுக்கிடையே பதுங்கிக் கழித்த குடும்பங்கள் எங்கள் லயத்தில் இருந்தன. அதற்குப் பின்னர் தமிழரும் சிங்களவரும் ஒரே துயரத்துக்காக ஒரே வாசலில் அழுததை நான் பார்த்தது அன்றுதான்.

அன்று அம்மாவுக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. தான் யாருக்காக அழுதாரோ, அந்தப் பெண்ணின் பிறப்புப் பெயர் ராசம்மா.

மலையில் பிறந்த டெய்சி

இலங்கைத் திரையுலகின் முதல் பெரும் நட்சத்திரமான ருக்மணி தேவி, 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்து ரம்பொடையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். தந்தை ஜோன் டானியல்ஸ் தோட்டத்துறையில் பணியாற்றியவர். தாய் ஹெலன் ரோஸ் ஆசிரியை. குடும்பம் கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு மலையேறும் பாதையில் பயணம் செய்தவர்கள் ரம்பொடையை மறந்திருக்க மாட்டார்கள். அருவியும், வளைந்து வளைந்து ஏறும் பாதையும், இருபுறமும் தேயிலையுமாக இருக்கும் இடம். எங்கள் ஊவா மலைகளுக்கும் அந்த மலைகளுக்கும் இடையில் தூரம் உண்டே தவிர, வாழ்க்கையில் பெரிய வேறுபாடு இல்லை. அதே கொழுந்து, அதே குளிர், அதே பெரட்டுக்கள மணி. ஆனால் அவர் அங்கே வளரவில்லை. குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்தது. அவருடைய படிப்பும் கலையும் நகரத்தில் தொடங்கின.

சின்ன வயதிலேயே பாட்டும் நடிப்பும் வந்துவிட்டன. ஏழு வயதில் ஒரு நத்தார் நாடகத்தில் மேடையேறினார் என்பர். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே சிங்கள மேடையில் இராமாயண நாடகத்தில் சீதையாக நடித்தார். மேடைக்காகப் பெற்ற 'ருக்மணி தேவி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. டெய்சியும் ராசம்மாவும் பதிவேட்டில் தங்கிவிட்டார்கள்.

அன்றைய நாடக உலகின் நிலையை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம்தான் சிங்கள நாடகத்தின் மையம். பெண் வேடங்களை ஆண்கள் ஏற்பதே நெடுங்கால வழக்கம். மேடையேறும் பெண்ணை ஊர் எப்படிப் பேசும் என்பது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒன்றுதான். லக்ஷ்மி பாய் போன்ற ஓரிருவர் அவருக்கு முன்னர் அந்தத் தடையைத் தாண்டியிருந்தனர். படித்த, கிறிஸ்தவ, நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி அந்த மேடையைத் தன் தொழிலாகக் கொள்வது அன்று சிறிய விடயமல்ல.

இசைத்தட்டும் மேடையும்

1930களின் இறுதியில் அவருடைய குரல் இசைத்தட்டில் ஏறியது. எச்.எம்.வி. நிறுவனத்துக்காக எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் சேர்ந்து அவர் பாடிய 'சிரி புத்தகயா விகாரே' என்ற பாடல் சிங்கள இல்லங்கள் தோறும் புகுந்தது. புத்தர் ஞானம் பெற்ற புத்தகயாவைப் போற்றும் பாடல் அது. பாடியவரோ ஒரு கிறிஸ்தவச் சிறுமி, ரம்பொடையில் பிறந்த ராசம்மா. அன்று அதை யாரும் ஒரு விந்தையாகக் கருதியதாகத் தெரியவில்லை. விந்தையாகத் தோன்றுவது இன்றைய நமக்குத்தான்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. நாடக மேடை, இசைத்தட்டு, பிறகு திரை என்ற அதே படிகள். சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் இணைந்து நடிக்கத் தொடங்கியது 1920களில் இலங்கை மேடையில்தான். ஒலிவாங்கி பரவாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் பழகிய குரல்கள் இவை. பின்னாளில் திரைக்கு வந்தபோது வேறொருவர் குரலை இரவல் வாங்க வேண்டிய தேவை இவர்களுக்கு இருக்கவில்லை. ருக்மணி தேவி தம் பாத்திரங்களுக்குத் தாமே பாடினார். நடிகை என்று அவரைச் சொல்வோரும் பாடகி என்று சொல்வோரும் சம அளவில் இருப்பதற்குக் காரணம் இதுவே. 'இலங்கையின் நைட்டிங்கேல்' என்ற பட்டம் அவருடைய குரலுக்குக் கிடைத்தது.

நீர்கொழும்பைச் சேர்ந்த பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன நடத்திய மினர்வா நாடகக் குழுவில் அவர் சேர்ந்தது வாழ்க்கையின் அடுத்த திருப்பம். குடும்பக் கதை, கண்ணீர், நகைச்சுவை, பாட்டு என நான்கும் கலந்த மினர்வா நாடகங்கள் நகரங்களில் கூட்டம் சேர்த்தன. ஜயமான்னவின் சகோதரரும் குழுவின் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவை ருக்மணி மணந்தார். மேடையிலும் பின்னர் திரையிலும் அந்த இணை பிரியாத இணையாயிற்று.

மதுரையில் பிறந்த சிங்களப் படம்

தமிழ் பேசத் தொடங்கிய முதல் படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதில் நடித்த டி.பி. ராஜலக்ஷ்மி தமிழ்த் திரையின் முதல் கதாநாயகி. சிங்களம் திரையில் பேச மேலும் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

எஸ்.எம். நாயகம் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர். மதுரையில் சித்ரகலா மூவிடோன் என்ற படநிறுவனத்தை நடத்தியவர். மினர்வா குழுவின் 'கடவுணு பொரொந்துவ' என்ற நாடகத்தைப் படமாக்க அவர் முன்வந்தார். தலைப்புக்கு 'முறிந்த வாக்குறுதி' என்று பொருள். இயக்குநர் ஜோதிஷ் சிங் ஒரு வங்காளி. கதை நீர்கொழும்பு ஜயமான்னவுடையது. படப்பிடிப்பு மதுரையில். கதாநாயகி ரம்பொடை ராசம்மா. 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பு கிங்ஸ்லி திரையரங்கில் படம் வெளியாயிற்று. சிங்கள சினிமா தன் பிறந்தநாளாக இன்றும் எண்ணுவது அந்தத் திகதியைத்தான்.

கொழும்பிலிருந்து இந்தியா செல்லும் சாதாரண வழி அக்காலத்தில் தலைமன்னார் வரை ரயிலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலுமாகும். 1914இல் தொடங்கிய அந்தச் சேவை, எங்கள் தாத்தா பாட்டிமார் எதிர்த்திசையில் வந்து சேர்ந்த வழியும் ஆகும். கங்காணியின் பின்னால் தகர டிக்கட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு வந்தவர்களின் பாதைதான், பின்னர் சிங்களக் கலைஞர்கள் மதுரைக்கும் சேலத்துக்கும் கோவைக்கும் சென்னைக்கும் படமெடுக்கப் போய்வந்த பாதையாகவும் அமைந்தது.

அதே 1947இல் வந்த இரண்டாவது சிங்களப் படமான 'அசோகமாலா' கோயம்புத்தூரில் எடுக்கப்பட்டது. அதன் பின்னால் நின்றவர் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை உருவாக்கிய சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர். கொழும்பில் அவர் பெயரால் ஒரு வீதி உண்டு. பின்னாளில் 'சுஜாதா' (1953) போன்ற வெற்றிப் படங்களைத் தந்தவர் கே. குணரத்தினம், அதை இயக்கியவர் ரி. சோமசேகரன். இருவரும் தமிழர்களே. இசையமைத்தவர்களில் நாகர்கோவிலில் பிறந்த ஆர். முத்துசாமி ஒருவர். சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக் என்ற முஸ்லிம் பாடகரின் பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் பந்தல்களில் ஒலிக்கின்றன. சிங்களத் திரையின் தொட்டிலை ஆட்டிய கைகள் எத்தனை வகையானவை என்பதைப் பட்டியலிட ஒரு கட்டுரை போதாது.

ஒரே ஆண்டின் இரு செய்திகள்

முதற்படத்தின் வெற்றியோடு ருக்மணி தேவி நாட்டின் மிகப் பிரபலமான முகமானார். 'கபட்டி ஆரக்ஷகயா' (1948), 'செங்கவுணு பிலிதுர' (1951), 'உமது விஸ்வாசய' (1952) என மினர்வா பாணிப் படங்கள் தொடர்ந்தன. அவருடைய சேலைக்கட்டையும் கூந்தல் முடிப்பையும் பெண்கள் பின்பற்றினர். வானொலியில் அவருடைய பாடல்கள் நாள்தோறும் ஒலித்தன. நாயகத்தின் 'தெய்வயோகய' (1959) படத்திலும் அவர் நடித்தார்.

இந்தப் படங்களை இன்று பார்ப்பவர் சிலவேளை ஏமாற்றமடையலாம். கமரா அசையாமல் நிற்கும். வசனம் மேடை வசனம். பாட்டு வந்தால் கதை நின்றுவிடும். ஆனால் ருக்மணி பாடத் தொடங்கியதும் இந்தக் குறைகள் கண்ணில் படா. தொண்டையை இறுக்காமல், சற்றுத் தடித்த, கனிந்த குரல். சொற்களின் கடைசி அசையை மெல்ல விடும் ஒரு முறை. மொழி புரியாத என் அம்மாவை அழவைத்தது அதுதான் என்று பின்னாளில் நான் ஊகித்தேன்.

'கபட்டி ஆரக்ஷகயா' வெளிவந்த 1948இல்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த ஏறத்தாழ 7 இலட்சம் பேர் ஒரு சட்டத்தால் நாடற்றவர்களாயினர். என் பாட்டனாரும் அவர்களில் ஒருவர். அதே ஆண்டில் ரம்பொடைத் தேயிலை மலையில் பிறந்த ஒரு பெண் நாட்டின் உள்ளத்தில் அரியணை ஏறியிருந்தார். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடைய செய்திகள் அல்ல. கொழும்புச் செட்டிகள் அந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட கூட்டத்தினர் அல்லர். அவர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்னரே வந்து வேரூன்றியவர்கள். ஆயினும் அந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க மலையகத்தில் பிறந்த என்னால் முடிவதில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு ராசம்மா இருந்தார். என் அம்மாவின் அக்கா. எங்களுக்குப் பெரியம்மா. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னைய பேச்சுக்கு ஒத்திவைக்கப்பட்டது. பெரியம்மாவின் குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. 1970களில் ஒருநாள் பதுளை ரயில் நிலையத்தில் அவரை வழியனுப்பினோம். 1924 முதல் பதுளைதான் மலையகப் பாதையின் கடைசி நிலையம். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற அந்த வண்டியை எங்கள் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர். வண்டி நகர்ந்தபோது எழுந்த ஓலம் தெமோதரை வரை கேட்டிருக்கும். பெரியம்மா பிறகு திரும்பி வரவே இல்லை.

மாறிய காலம்

1956 இலங்கை வரலாற்றில் பல வகையிலும் திருப்பு முனை. அவ்வாண்டில் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாயிற்று. அவ்வாண்டின் இறுதியில்தான் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ'வும் வந்தது. சென்னைக் கலையகங்களின் வண்ணப்படுதாக்களை விட்டு, உண்மைக் கிராமத்தின் வெயிலுக்குள் கமராவைக் கொண்டுசென்ற படம் அது. சிங்கள சினிமா இந்தியச் சாயலை உதற வேண்டும் என்ற குரல் வலுத்தது. கலையளவில் அந்தக் குரலில் நியாயம் இருந்தது. தென்னிந்தியப் படங்களை அப்படியே நகலெடுத்த காலம் நீடித்திருந்தால் சிங்களத்தில் ஒரு நல்ல படமும் பிறந்திருக்காது. ஆனால் 'இந்தியச் சாயல்' என்று கழித்துத் தள்ளியபோது, அந்தச் சாயலோடு சேர்ந்து வந்த மனிதர்களும் மெல்ல ஓரமாக்கப்பட்டார்கள்.

ருக்மணி தேவி மறைந்துவிடவில்லை. 'சாமியா பிரிந்தகே தெய்யாய' (1964) போன்ற படங்களில் அவர் நடித்தார். எனினும் 1960களில் புதிய முகங்களும் புதிய நடிப்பு முறையும் வந்தன. 1968இல் 'புஞ்சி பபா'வில் அறிமுகமான மாலினி பொன்சேகா அடுத்த தலைமுறையின் அரசியானார். திரை வாய்ப்புக் குறைந்த காலத்தில் ருக்மணி தேவியைத் தாங்கியது அவருடைய பழைய துணையான குரல்தான். ஊர் ஊராக இசை நிகழ்ச்சிகளில் பாடினார். வயது ஐம்பதைத் தாண்டிய பின்னரும் அவர் மேடையேறினால் கூட்டம் கூடியது.

இறுதிக் காலத்தில் காலம் ஒரு நல்ல கைம்மாறு செய்தது. எந்த இயக்குநரின் வருகையோடு பழைய பாணி முடிந்ததோ, அதே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தமது 'அஹசின் பொலவட்ட' படத்தில் அவருக்கு ஒரு முதிய பாத்திரம் தந்தார். பாட்டும் இல்லாமல், மேடைக் குரலும் இல்லாமல், முகத்தின் அமைதியால் மட்டும் நடிக்கத் தமக்குத் தெரியும் என்பதை அவர் அதில் காட்டினார். அந்தப் படம் வெளிவந்த 1978தான் அவருடைய வாழ்வின் கடைசி ஆண்டாகவும் அமைந்தது.

மாத்தறை உயன்வத்தை மைதானத்தில் ஓர் இசை நிகழ்ச்சி. பாடி முடித்து, இரவோடிரவாக நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பினார். தென்கோடியிலிருந்து மேற்குக் கரை நெடுகிலும் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். கொழும்பையும் தாண்டி, வீடு நெருங்கிய நிலையில், ஜா-எலவுக்கு அருகே துடல்லவில் வாகனம் விபத்துக்குள்ளானது. ஒக்டோபர் 28ஆம் திகதி விடியற்காலை. அவருக்கு வயது 55.

நான் செய்த தவறு

பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டம் பெற்றுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பிறகுதான், ருக்மணி தேவி ராசம்மா என்பதை அறிந்தேன். சிறுவயதில் கண்ட அந்தக் காலைப்பொழுது உடனே நினைவுக்கு வந்தது. அவர் மறைந்த இருபதாம் ஆண்டில், 1998இல், அப்போது நான் பணியாற்றிய பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு ஒரு கட்டுரை எழுதினேன். 'சிங்களத் திரையை ஆண்ட தமிழச்சி' என்று நானே தலைப்பும் கொடுத்தேன். போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த காலம். அந்தத் தலைப்பு வாசகர்களுக்குப் பிடித்திருந்தது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. எனக்கும் பெருமையாகவே இருந்தது.

இரண்டு வாரங்கள் கழித்து கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் முதியவர், கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். கையெழுத்து நடுங்கியிருந்தது, தமிழ் பிழையின்றி இருந்தது. 'உயிரோடிருந்தபோது அவரை உங்கள் மேடைக்கு அழைத்தீர்களா? உங்கள் பத்திரிகைகள் அவர் படத்தை அட்டையில் போட்டனவா? இறந்த பிறகு மட்டும் தமிழச்சி ஆக்கிக்கொள்கிறீர்கள்' என்று கேட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. கடிதத்தைப் பிரசுரிக்குமாறு ஆசிரியரிடம் கேட்டேன். இடமில்லை என்று சொல்லப்பட்டது. நானும் வற்புறுத்தவில்லை. அந்தக் குற்ற உணர்வுதான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இதை எழுதவைக்கிறது.

கொழும்புச் செட்டிகள் தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காக வந்தவர்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் பலர் கிறிஸ்தவர்களாயினர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் தொகுத்து 'தமிழ் புளூராக்' என்று வெளியிட்ட சைமன் காசிச்செட்டி இச்சமூகத்தவரே. தமிழிலக்கிய வரலாறு எழுதும் எவரும் அவரைத் தொடாமல் போக முடியாது. ஆயினும் காலப்போக்கில் இவர்களில் பலர் ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் நகர்ந்தனர். தாங்கள் தனி இனம் என்று கோரினர். 2001ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் 'இலங்கைச் செட்டி' என்பது தனிப் பிரிவாக இடம்பெற்றது. தமிழர் என்று பதிவாகியிருப்பது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய ஒரு நாட்டில், ஒரு சிறு சமூகம் தன்னைத் தனியே பெயரிட்டுக்கொள்வதை எவராலும் குறைகூற முடியாது.

ஆக, ருக்மணி தேவி யார்? தமிழரா, செட்டியா, சிங்களக் கலைஞரா? என் கட்டுரையில் நான் அவரை ஒரு பெட்டிக்குள் போட்டேன். சிங்கள எழுத்தாளர் சிலர் அவருடைய பிறப்புப் பெயரைச் சொல்லாமலே முழு வரலாறும் எழுதி, இன்னொரு பெட்டிக்குள் போட்டார்கள். இரண்டும் ஒரே தவறின் இரு பக்கங்கள். அவரோ தம் மொழியாகச் சிங்களத்தைத் தேர்ந்து, அதில் உழைத்து, அதில் புகழ்பெற்றவர். அதற்காக அவர் பிறந்த மலையும் ராசம்மா என்ற பெயரும் இல்லாமற் போய்விடா.

அந்த முதியவரின் கேள்வியில் இன்னொரு நியாயமும் உண்டு. நாம் அவரைப் பார்க்கவே இல்லை. எங்கள் தோட்டங்களில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களெல்லாம் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களே. பதுளைத் திரையரங்குக்கு நடந்துபோய்ப் பார்த்ததும் அவற்றைத்தான். தேயிலைத் தோட்டக் கதையோடு 'தோட்டக்காரி' என்ற தமிழ்ப் படம் 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டிலேயே எடுக்கப்பட்டது. மலையகத் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் 'புதிய காற்று' (1975) எடுத்தார். இவற்றைக்கூட நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? மாலினி பொன்சேகாவைத் தோட்டத்து மக்கள் அறிந்ததே, அந்த 1978 தீபாவளிக்கு வெளிவந்த 'பைலட் பிரேம்நாத்' படத்தில் அவர் சிவாஜிக்கு ஜோடியாக நடித்த பிறகுதான். நம் பக்கம் வந்தால்தான் பார்ப்போம் என்றிருந்தோம்.

மிச்சம்

1983 ஜூலைக் கலவரத்தில் பதுளையும் எரிந்தது. அப்பாவின் டிரான்சிஸ்டர் அந்த வாரத்தோடு போயிற்று. அந்த வாரம் எங்களைத் தம் வீட்டில் மறைத்து வைத்தவர் தொழிற்சாலைக் காவற்காரர்தான். அதே கலவரத்தில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் குணரத்தினத்தின் விஜயா கலையகமும் தீக்கிரையாயிற்று. அங்கிருந்த பல சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. தமிழனுடையது என்று கொளுத்தியவர்கள் தங்கள் சினிமாவின் வரலாற்றையே கொளுத்தினார்கள். குணரத்தினம் 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நீர்கொழும்பு போகும் வழியில், அம்மாவையும் அழைத்துக்கொண்டு துடல்லவில் இறங்கினேன். ருக்மணி தேவிக்கு அங்கே வீதியோரத்தில் நினைவுச்சின்னம் உண்டு. அம்மாவுக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது. முழங்கால் வலியோடு மெல்ல நடந்து வந்தார். வாகனங்கள் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தன.

நான் விடயத்தைச் சொன்னேன். அவருடைய உண்மைப் பெயர் ராசம்மா என்றும், பிறந்தது ரம்பொடையில் என்றும்.

அம்மா நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"நம்ம அக்கா பேரா? நெசமாவா தம்பி?"

"நெசந்தான் அம்மா."

சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "ஒருத்தி கப்பலேறிப் போயிட்டா. ஒருத்தி இங்கன கெடக்கா" என்றார். கொண்டுவந்திருந்த பையிலிருந்து கொஞ்சம் பூவை எடுத்து வைத்தார். ஊர் திரும்பியதும் அந்தக் காவற்காரரின் மகளுக்குத் தொலைபேசி எடுத்து, தான் அங்கே போய்வந்ததைச் சொல்லுமாறு என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் சொன்னேன். மறுமுனையில் அந்தப் பெண், தன் தகப்பனார் சாகும்வரை அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.